கரையைக் கேட்ட பாட்டு

எனெலேசிக்கு எந்தத் துணியை இடுப்பில் கட்டுவதென்றே புரியவில்லை. இரண்டு துணியிலும் அச்சடித்திருந்த எம்.பி. கண்டுலுவின் முகம்தான் சிரித்தது. நீலத் துணி அவருடைய பழைய கட்சி. நேற்று வண்டியில் வந்து இறங்கிய மஞ்சள், புதுக் கட்சி.

போன தேர்தலில், ஏரிக்கரையை ஓட்டல்காரர் வேலியடைக்கப் பார்த்தபோது, "மீன் காயவைக்கிற மணலை விடமாட்டேன்" என்று சொல்லித்தான் கண்டுலு எம்.பி. ஆனார். பெண்கள் பாடி ஆடி ஜெயிக்க வைத்தார்கள். முதல் குரல் எனெலேசியுடையது. இப்போது அவர் போய்ச் சேர்ந்திருப்பதோ வேலி போடச் சொல்லும் கட்சி. அப்போது பெண்கள் பாட்டுக் கட்டிக் கேலி செய்த எதிராளி ம்போண்டாதான், கரையை விடமாட்டேன் என்கிறார்.

"நாம இப்ப எந்தப் பக்கம்க்கா?" என்றாள் மீன் புரட்டிக்கொண்டிருந்த ஃபாலெசி.

"தெரியலடி. ஆளு நம்ம ஆளு. பேச்சு அவங்க பேச்சு."

"அப்ப முன்னால நீலம், பின்னால மஞ்சள் சுத்திக்க. காக்கா கூட மீனை விட்டுட்டு உன்னைப் பாக்கும்."

கடைசியில் எனெலேசி வெறும் பூப்போட்ட துணியோடு கண்டுலுவின் கூட்டத்துக்குப் போனாள். மத்தளம் முழங்கியது. முதல் குரல் எது பாடினாலும் "ஆமாம் ஐயா, ஆமாம்" என்பது ஆடுகிறவர்கள் வழக்கம். தன் பெயர் கேட்டதும் எழுந்து கையாட்டுவது தலைவர் வழக்கம்.

"கண்டுலு ஐயா..." என்று இழுத்தாள். அடுத்து வரவேண்டிய 'எங்கள் சிங்கம்' என்பதை விட்டுவிட்டாள். "கரையில வேலி வராதுதானே?"

"ஆமாம் ஐயா, ஆமாம்."

கண்டுலு எழுந்து இரண்டு கைகளையும் ஆட்டிவிட்டார். கூட்டம் ஆரவாரித்தது. பக்கத்தில் இருந்த ஓட்டல்காரர் திரும்பிப் பார்த்ததும் கைகள் பாதியில் நின்றன.

கூட்டம் முடிந்ததும் கட்சிச் செயலாளர் அவளை மறித்தார். "ம்போண்டாவுக்கு வேலை பாக்குறியா?"

"இல்லீங்க."

"அப்ப எங்களுக்கா?"

"அதுவும் தெரியலீங்க."

சாயங்காலம் ம்போண்டாவின் ஆள் சைக்கிளில் கரைக்கு வந்தான். "அம்மா, நாளைக்கு எங்க கூட்டத்துல நீங்கதான் முதல் குரல்."

"அவரையும் இதேதான் கேப்பேன்."

"அவரை எதுக்கும்மா கேக்கணும்? அவரு உங்க பக்கம்தானே."

"இவரும் அப்படித்தாம்ப்பா இருந்தாரு."

அவன் சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு போனான்.

"அப்ப நாளைக்கு ஆடுறோமா, இல்லையா?" என்றாள் ஃபாலெசி.

"கேக்குறோம். அவரு வாயைத் திறந்து சொல்லட்டும். அப்புறம் ஆடுறதப் பத்திப் பாப்போம்."

ஆடுவதற்கு முன்னால் கேட்பது ஏன் என்று ஃபாலெசிக்கு விளங்கவில்லை. எனெலேசிக்கே பாதிதான் விளங்கியிருந்தது.