எஃகு வளையமும் அலுமினியத் தண்டும்

மாமா இரண்டாவது முறையாகத் தீ ஊதும் கேஸ் டார்ச்சைக் கையில் எடுத்தபோது, நான் சிலிண்டர் வால்வை மூடினேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் பட்டறையின் ஃபோர்மேன். அலுமினியத் தண்டில் எஃகு வளையம் ஒன்று சிக்கியிருந்தது. எது சிக்கினாலும் சூடு காட்டுவதுதான் அவர் வழக்கம். காலையில் காட்டினார். வளையம் அசையவில்லை, சுத்தியல் பட்டுத் தண்டின் ஓரம் நசுங்கியதுதான் மிச்சம்.

"என்னடி பண்றே?"

"சூடு பட்டா உள்ள இருக்கற அலுமினியம் எஃகை விட ரெண்டு மடங்கு விரியும் மாமா. இன்னும் இறுகும். ரெண்டையும் சேத்துக் குளிர வைக்கணும்."

"ரெண்டு மாசம் சாயங்கால கிளாஸ் போனதுக்கே விஞ்ஞானி ஆயிட்டாங்கப்பா!"

வெல்டர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரி, குளிர வை. வளையம் வரலேன்னா கிளாஸுக்கு முழுக்கு. நாளையிலேர்ந்து சாயங்கால ஷிஃப்ட்."

"சரி" என்று சொல்லிவிட்டுத்தான் பயந்தேன்.

தண்டின் விட்டம் ஐம்பது மில்லிமீட்டர். வரைபடத்தில் இறுக்கம் 0.02, அதாவது வளையத்தின் துளை தண்டைவிட அவ்வளவு சிறியது. ஒரு டிகிரி குறைந்தால் 0.0006 தளரும். அப்படியென்றால் முப்பத்து மூன்று டிகிரிக்குச் சற்று மேல் குறைய வேண்டும். பட்டறையில் முப்பது, எனவே மைனஸ் நான்கு போதும். போன தேர்வில் கழித்தலைக் கூட்டலாகப் போட்டவள் நான். மூன்று முறை சரிபார்த்தேன்.

வாளியில் ஐஸும் உப்பும் கொட்டித் தண்டைப் புதைத்தேன். வெப்பமானி மைனஸ் நான்கு காட்டியதும் எடுத்துத் தட்டினேன். அசையவில்லை.

"புஸ்ஸுனு போச்சா?" என்றார் மாமா.

 வெப்பமானி காட்டியது ஐஸின் குளிரை. தண்டின் நடுப்பகுதி இன்னும் குளிர்ந்திருக்காது.

"இன்னும் அரை மணி நேரம்" என்றேன்.

"போதும், வால்வைத் திற."

"திறக்க மாட்டேன்."

இன்னும் உப்புப் போட்டேன். அரை மணி கழித்து மைனஸ் பத்து. மரச் சுத்தியலால் ஒரே தட்டு. வளையம் வழுக்கிக்கொண்டு வந்து மேசையில் உருண்டது. வெல்டர் அண்ணன் சிரிக்கவில்லை.

"ஏதோ குருட்டாம்போக்குல வந்துடுச்சு" என்றார் மாமா. "சரி, இன்னைக்கு மட்டும் ஷிஃப்ட் பாத்துடு. ஆள் இல்ல."

"வேற ஆள் பாருங்க மாமா. ஆறு மணிக்கு எனக்குக் கிளாஸ்."

"திமிரைப் பாரு!"

"ஆமா."

பையின் ஜிப்பை இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது. மூடிக்கொண்டு கிளம்பினேன்.