பாம்பின் கன்னடப் பெயர்

ஆயில்யம் என்றால் என் மனைவி கனகலக்ஷ்மிக்கு உடம்பே ஆடும். அந்த நட்சத்திரத்துப் பெண் மருமகளாக வந்தால் மாமியாருக்கு ஆகாதாம். அது பாம்பு நட்சத்திரம், ஆதிசேஷனுடையது. கிரேக்கர்களும் வானத்தில் அந்த இடத்தில் பாம்பைத்தான் பார்த்தார்கள். ஆனால் மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு மாமியாரைக் கொத்தத்தான் அது அங்கே படமெடுத்துக் காத்திருக்கிறது என்பது, பாவம், அவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. லக்ஷ்மணன்கூட ஆயில்யம்தான் என்று ஒருமுறை சொன்னேன். அவன் யார் வீட்டுக்கும் மருமகளாகப் போகவில்லையே என்றாள்.

இப்படியே எங்கள் மகன் வினய்க்கு வந்த மூன்று பெண்களை விரட்டிவிட்டாள். நாலாவதாக அவனே ஸ்நேஹாவை அழைத்துவந்து, இவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று நின்றான். அவனுக்கு வயது முப்பத்துநாலு. சாமராஜநகரில் எழுதிய அவள் ஜாதகம் கன்னடத்தில் இருந்தது. கனகா கன்னடத்தில் காய்கறிக்காரரை அழவைப்பாள், படிக்கத்தான் தெரியாது. என்னிடம் நீட்டினாள். எழுதியிருந்ததை எழுதியபடியே வாசித்தேன். நட்சத்திரம், ஆஷ்லேஷா.

அர்த்தம் கேட்டாள். தழுவுவது என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. பேரே 'சென்னாகிதெ', நன்றாயிருக்கிறது, என்று கன்னடத்திலேயே பூரித்துப்போனாள். தெரு முழுக்க ஆஷ்லேஷா மருமகள் வரப்போகிறாள் என்று பெருமை பேசினாள். சிரிப்பை அடக்கி எனக்கு வயிறு வலித்தது.

நிச்சயதார்த்தத்துக்கு வந்த புரோகிதர் தமிழர். லக்னப் பத்திரிகையைத் தமிழில் எழுதி, சபை நடுவே உரக்க வாசித்தார். ஆயில்ய நட்சத்திரத்தில் பிறந்த சௌபாக்கியவதி ஸ்நேஹா என்றார். தாம்பாளத்தைத் தூக்கப் போன கனகாவின் கை நின்றுவிட்டது. என்னைச் சமையலறைப் பக்கம் இழுத்துப்போய், இந்தக் கல்யாணம் நடக்காது என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. முப்பத்தாறு வருஷமாக மூடி வைத்திருந்ததைத் திறந்தேன்.

"உங்கப்பா பூசம்னு மாத்தி எழுதின ஜாதகம் எனக்குத் தெரியும் கனகா. நீயும் ஆயில்யம்தான். எங்கம்மா தொண்ணூத்தோரு வயசு வரைக்கும் உன் கையாலதான் சாப்பிட்டாங்க."

அவள் குரலைத் தாழ்த்தி, "அத்தைக்குத் தெரியாதில்ல?" என்று கேட்டாள்.

"அவங்கதான் உன் பெட்டியில பழைய ஜாதகத்தைப் பார்த்தாங்க. எடுத்த இடத்துலயே வெச்சுட்டு, வாயை மூடிக்கிட்டு இருடான்னாங்க."

கனகா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு போய்த் தாம்பாளத்தைத் தூக்கினாள்.