பௌர்ணமியில் ஒரு முகாம்

என் மகள் கவிநிலாவுக்கு ஆறு வயது. பேச்சு இன்னும் வரவில்லை. சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அலறுவாள், யார் கையாவது அகப்பட்டால் கடிப்பாள். இதற்கு என்ன வைத்தியம் என்று கீழ்பென்னாத்தூரில் கேட்டுப் பாருங்கள், ஊரில் வைத்தியம் தெரியாத ஒரே ஆள் நான்தான் என்பது புரிந்துவிடும். மளிகைக் கடைக்காரர் மந்திரிக்கச் சொன்னார். பஸ் கண்டக்டர் நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்னார். பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள், இன்னொரு பிள்ளை பிறந்தால் இவள் தானாகச் சரியாகிவிடுவாள் என்று எனக்கே வேலை வைத்தாள். என் கணவர் மாறன், கிரிவலம் போனால் போதும் என்று சொல்லிவிட்டுக் கடலை மண்டிக்குப் போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் மட்டும் வைத்தியம் சொல்லவில்லை. மணியடித்த நேரத்தில் கவிநிலா டீச்சரைக் கடித்துவிட்டாள்.

"இந்த மாதிரி பிள்ளைங்களுக்குப் பயிற்சி குடுக்கறவங்க எங்கியோ இருக்காங்களாம்மா. அங்க காட்டிட்டு ஜூன்ல கூட்டிட்டு வாங்க. இல்லன்னா வீட்லயே வெச்சுக்குங்க" என்றார் தலைமை ஆசிரியை.

எங்கியோ என்றால் எங்கே என்று கேட்டேன். அதை நான்தான் கண்டுபிடிக்க வேண்டுமாம்.

தேடி அலைந்தேன். ஒரு டாக்டர் காது டாக்டரிடம் அனுப்பினார். காது டாக்டர், காது ஜோராகக் கேட்கிறது என்று என்னைப் பாராட்டி அனுப்பினார். அலைச்சலில் நானாகக் கண்டுபிடித்தது ஒன்றுதான். அவள் காதைப் பொத்தி அலறும்போது, அவள் கைகளின்மேல் என் கைகளை வைத்து மெல்ல அழுத்தினால் கொஞ்சம் அடங்குவாள்.

கடைசியில் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் கோதண்டராமன் என்ற அதிகாரியைப் பிடித்தேன். சென்னையிலிருந்து பயிற்சி கொடுக்கும் டாக்டர்கள் வருகிறார்களாம். முகாமுக்குப் பிள்ளைகள் வந்தால், மாதாமாதம் இங்கேயே நடத்துவார்களாம். அவர் காலில் விழலாம் போலிருந்தது.

"என்னிக்குங்க சார்?"

"வர்ற பௌர்ணமி. அன்னிக்கு ஸ்பெஷல் பஸ் ஜாஸ்தி. ஜனங்க எப்படியும் ஊருக்கு வருவாங்க. கிரிவலமும் ஆச்சு, முகாமும் ஆச்சு."

"பாப்பா சத்தம் தாங்கமாட்டா சார். அன்னிக்குக் கூட்டமா இருக்குமே?"

"ஒரு நாளைக்குக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதாம்மா?"

சத்தம் தாங்காத பிள்ளைகளுக்கான முகாமை, லட்சம் பேர் அரோகரா போடுகிற நாளில் வைத்த மூளைக்கு ஒரு சால்வை போர்த்தலாம்.

பௌர்ணமியன்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கவிநிலாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தேன். வழி முழுக்க அலறினாள், என் தோளைக் கடித்தாள். போய்ப் பார்த்தால் முகாம் நடக்கும் கூடத்துக்குப் பூட்டு.

"ஆபீசருங்க எல்லாம் கிரிவல டூட்டிங்க" என்றார் வாட்ச்மேன். "சென்னை டாக்டருங்க வண்டியையும் போலீஸ்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்களாம்."

பௌர்ணமியன்று அதிகாரிகளுக்குக் கிரிவல டூட்டி போடுவார்கள் என்பது இந்த ஊர் ஆடு மாடுகளுக்குக்கூடத் தெரியும். படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகுதான் பார்த்தேன். படி முழுக்க என்னைப் போலப் பொம்பளைகள், பக்கத்தில் பிள்ளைகள். ஒரு பையன் செருப்பைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். ஒரு சின்னப் பெண் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு பிள்ளை எனக்கு மட்டும்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். செருப்புச் சுழற்றியவனின் அம்மா வள்ளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் கையைக் கவிநிலா கடித்துவிட்டாள். நான் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

"உடுங்க. எங்க வூட்ல தினம் இதான் டிபன்" என்று சொல்லிவிட்டு, ஈரத் துண்டைச் சுருட்டி அவள் வாயில் கொடுத்தாள். கவிநிலா அதைக் கடித்துக்கொண்டு அமைதியானாள்.

மறுநாள் கோதண்டராமனிடம் போய், அடுத்த முகாம் எப்போது என்று கேட்டேன்.

"எங்கம்மா? ஒருத்தர்கூட வரலியே. இந்த ஊர்ல அப்படிப் பிள்ளைங்களே கம்மின்னு மேல சொல்லிடப் போறேன்."

ஒரே பௌர்ணமியில் ஊரையே குணப்படுத்திய மகான்! அவர் அப்படிச் சொல்லிவிட்டால் டாக்டர்கள் இந்தப் பக்கம் வரமாட்டார்கள், என் மகளும் ஜூனில் பள்ளிக்கூட வாசலை மிதிக்கமாட்டாள். நேரே வள்ளியிடம் ஓடினேன். படியில் பழகிய எல்லாருக்கும் அவள் சொல்லி அனுப்பினாள்.

திங்கட்கிழமை பிள்ளைகளோடு அவர் அறைக்குள் போனோம். ஒருவன் மின்விசிறியைப் போட்டுப் போட்டு அணைத்தான். ஒருத்தி இரும்பு பீரோவில் மேளம் கொட்டினாள். அந்த நேரம் பார்த்து டெலிபோன் மணி அடிக்க, கவிநிலா கட்டடமே அதிரும்படி அலறினாள். கோதண்டராமன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

கவிநிலா அலறுவதை நிறுத்தினாள். அவரையே பார்த்தாள். நாற்காலியருகே போய், அவர் கைகளின்மேல் தன் கைகளை வைத்து மெல்ல அழுத்தினாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "என்னம்மா பண்றா பாப்பா?"

"வைத்தியம் பண்றா சார். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றேன்.

அவள் கையை எடுக்கும்வரை அவர் அசையவில்லை. பிறகு அடுத்த முகாமுக்கு நாள் குறிக்கக் காலண்டரை எடுத்து, பௌர்ணமி என்றைக்கு என்று முதலில் என்னைக் கேட்டார்.