சும்மா கிடந்த பேர்

என் மாமியாருக்கும் எனக்கும் ஒரே பேர். கல்யாணப் பேச்சு நடந்தபோதே இது தெரிந்துபோய் இரண்டு பக்கமும் சிரித்தார்கள். பொருத்தம் என்றால் இதுவல்லவா பொருத்தம் என்று என் அப்பா பூரித்துப் போனார். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. நான் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்த மறுநாள் காலை, அடுப்பில் பால் பொங்குவதற்குள் சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"ஒரு வீட்ல ரெண்டு பேருக்கு ஒரே பேரு சரிப்படாது. நாளைக்கு என் மகன் உன்னைத் திட்டுவான். என் பேரைச் சொல்லி அவன் திட்டறதை நான் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கணுமா?"

திட்டுவான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. முதலில் என் பேருக்கு முன்னால் ஒரு 'சின்ன' போட்டார்கள். ஒரே மாதத்தில் பேர் உதிர்ந்துபோய் அந்தச் 'சின்ன' மட்டும் மிஞ்சியது. நான் சின்னவள் ஆனேன். என் வீட்டுக்காரருக்கு அது பெரிய நிம்மதி. அம்மா பேரைச் சொல்லிப் பெண்டாட்டியைக் கொஞ்ச எந்த ஆம்பளைக்கு வாய் வரும்? அதுவரைக்கும் நியாயம்தான். ஆனால் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல், பஸ்ஸில் பெரியவர்களுக்கு இடம் விடுவதுபோல் விட்டுக்கொடுத்தார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எழுந்து நின்றது அவரில்லையே, நான்தானே.

இத்தனைக்கும் அது ஒன்றும் ஊரில் இல்லாத பேர் இல்லை. அக்கரையில் ஒரு ஊருக்கு அந்தப் பேர். அந்த ஊருக்குப் போய்வரும் பயணிகள் கப்பலுக்கும் அதே பேர். பிற்பாடு ஒரு சினிமா வந்தது, அதற்கும் அதுதான். சுவரெல்லாம் என் பேர் ஆளுயர எழுத்தில் நின்றது. "அம்மா பேர்ல படம் வந்திருக்கு" என்று என் வீட்டுக்காரர் மாமியாரை முதல் ஆட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். நான் வீட்டில் அவர்கள் வந்ததும் சாப்பிடத் தோதாகச் சமைத்துக்கொண்டிருந்தேன். ஊர், கப்பல், சினிமா, எல்லாவற்றுக்கும் அந்தப் பேரில் இடமிருந்தது. எனக்குத்தான் இல்லை.

மாமியாரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். என் பிரசவத்தில் கண் மூடாமல் பக்கத்திலேயே இருந்தவர் அவர். நான் வேலைக்குப் போவதையும் அவர் தடுக்கவில்லை. எனக்குத் துறைமுகத்தில் வேலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்தக் கப்பல் எப்போது கிளம்பும், எந்த மேடைக்குப் போக வேண்டும் என்று மைக்கில் சொல்ல வேண்டும். அங்கே எல்லாருக்கும் நான் மைக்கக்கா. ஆனாலும் நான் ஒரு நாள் லீவு போட்டதில்லை. காரணம் அந்தக் கப்பல். தினமும் இரண்டு தடவை என் பேரை நானே வாய்விட்டுச் சொல்ல எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

கப்பல் தாமதமானால் ஜனங்கள் தடுப்புக்கு வெளியே நின்று அந்தப் பேரைச் சொல்லித் திட்டுவார்கள். சோம்பேறி, நம்ப வைத்துக் கழுத்தறுப்பவள் என்றெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ளும். உள்ளே உட்கார்ந்திருக்கும் எனக்கு அதுகூட இனித்தது. திட்டுவதற்காவது என் பேர் பயன்பட்டதே.

அப்புறம் கப்பலுக்கு வயதாகி உடைக்க அனுப்பிவிட்டார்கள். எனக்கும் ஓய்வு கொடுத்தார்கள். அடுத்த வருஷம் மாமியார் போய்ச் சேர்ந்தார். நான் அழுதேன், நிஜமாகவே அழுதேன். அழுது ஓய்ந்ததும் என் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். இனிமேலாவது என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று. சரி என்றார். ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று கூப்பிட்டும் பார்த்தார். பாதியிலேயே குரல் உடைந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கூப்பிட்டது அவருடைய அம்மாவை. கொஞ்ச நாள் போகட்டும் என்றார். முப்பது வருஷம் பொறுத்தவளுக்குக் கொஞ்ச நாள் என்ன கணக்கு என்று நானும் இருந்தேன்.

அதற்குள் மகனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன், பாட்டி பேரையே வைக்கப் போவதாகச் சொன்னான். என் வீட்டுக்காரர் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அது என் பேருடா."

"தெரியும்மா. ஆனா உன்னை யாருமே அப்படிக் கூப்பிடறதில்லையே. சும்மாதானே கிடக்குது."

அவன் வேண்டுமென்றே குத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அவன் பாசமாகத்தான் சொன்னான். என் வயிற்றில் பிறந்தவனுக்குக்கூட என் பேர் ஆளில்லாத வீடு. இன்னொரு பேர் வைக்கக்கூடாதா என்று நான் கேட்டதற்கு, அப்பா ரொம்ப சந்தோஷமாக இருக்கிறார், அதைக் கெடுக்க வேண்டாம் என்றான்.

பேர் வைக்க ஒரு சின்ன ஹால் பிடித்து, வாடகைக்கு மைக்கும் வைத்திருந்தார்கள். கடல் தாண்டிப் போகிற குரல், நீதான் சொல்லணும் என்று மகன் மைக்கை என் கையில் கொடுத்தான். சொன்னேன். குரல் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

"எனக்கும் இதே பேர்தான்" என்றேன்.

ஹாலே சிரித்தது. பேத்தியோடு போட்டிக்கு நிற்கிறாள் என்று என் நாத்தனார் சொன்னது காதில் விழுந்தது. சிலர் கைகூடத் தட்டினார்கள். எதற்கு இப்போது அது என்று என் வீட்டுக்காரர் மைக்கை வாங்கி வைத்தார்.

சாப்பிட்டு முடித்ததும் மருமகள் குழந்தையை என் மடியில் படுக்க வைத்தாள். நல்ல பெண். அவளுக்குத்தான் முகம் வாடியிருந்தது.

"அத்தை, உங்க பேரும் இதுதான்னு எனக்குத் தெரியவே தெரியாது. ஒரே வீட்ல ரெண்டு பேருக்கு எப்படி?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பதில் சொல்லிவிட்டார்.

"அதுல என்னம்மா குழப்பம்? இவளைத்தான் நாம சின்னவள்னு கூப்பிடறோமே. சரிதானே, சின்னவ?"

இன்னும் பல் முளைக்காத பேத்தி அந்தப் பேரோடு என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்த சின்னவள் நான், சரி என்று தலையாட்டினேன்.