துண்டு போர்த்திய தொட்டி

புது மருமகள் சின் யீ, மடியில் ஒரு வாளியும் வாளிக்குள் ஒரு லோஹான் மீனுமாக பிறந்த ஊரான மூவாரிலிருந்து ஈப்போவிலுள்ள மாமியார் வீட்டுக்கு வந்து இறங்கினாள். நெற்றி புடைத்த அந்தச் சிவப்பு மீனைப் பார்க்கத் தெருவே திரண்டுவிட்டது. அதன் விலாவிலுள்ள கறுப்புப் புள்ளிகளில் லாட்டரி எண் தெரியுமாம். பக்கத்து வீட்டுச் செங் பூதக்கண்ணாடியோடு வந்தார்.

மாமியார் யோக் மூய்க்குப் பெருமை தாங்கவில்லை. தொட்டியில் விளக்கைப் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். மீனோ மூலையில் ஒண்டி வெளிறிப்போனது. கண்ணாடியைத் தட்டித் தட்டி இறால் போட்டாள், புழு போட்டாள். ம்ஹூம், வாயே திறக்கவில்லை.

"கொஞ்ச நாள் சும்மா விட்டுடலாம்மா. புது இடம், பயப்படுது," என்றாள் சின் யீ.

"பயமா? இவ்ளோ பெரிய தொட்டி வாங்கிப் போட்டிருக்கான் உன் புருஷன். அதுக்கென்ன பயம்?"

அடுப்படிச் சாப்பாட்டு மேசையில் மருமகளும் அப்படித்தான். யோக் மூய் அவள் கிண்ணத்தில் கறியைக் குவித்துவிட்டு வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். "கோழிக்குஞ்சு கூட இதைவிட நல்லா கொத்தும்!" என்பாள். சின் யீ தலையைக் குனிந்துகொள்வாள்.

ஒருநாள் மகன் வெய் லுன் அடுப்படிக்கு வந்து, "அவளுக்கு இங்க ஒத்துவரலைம்மா. கோலாலம்பூர்ல வீடு பாக்கலாம்னு இருக்கேன்," என்றான். யோக் மூய்க்கு அவன் ஒரே மகன். மீன் பிழைத்தால் மருமகள் இருப்பாள் என்று அவளாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பார்த்தால், தின்னாத இறால் அழுகித் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. மீன் ஒருக்களித்துச் சாய்ந்திருந்தது.

"அய்யோ, என்ன செய்யணும் சொல்லு. நீ சொல்றபடியே செய்றேன்," என்றாள் யோக் மூய்.

சின் யீ அழுகலை உறிஞ்சி எடுத்தாள். கொஞ்சம் தண்ணீர் மாற்றினாள். மீன் ஒளிந்துகொள்ள ஒரு மண்பானையைப் படுக்கவைத்தாள். விளக்கை அணைத்து, தொட்டிமேல் பெரிய துண்டைப் போர்த்தினாள். யோக் மூய் வாசலில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரே ஒரு நம்பர் லா! பாத்துட்டு ஓடிடறேன்," என்று வந்தார் செங்.

"உங்க பொண்டாட்டி முதுகுல இருக்கிற மச்சத்தைப் போய் எண்ணுங்க, போங்க!"

சில நாள் கழித்து, சின் யீ ஒரே ஒரு தீனி உருண்டையைத் தண்ணீரில் விட்டாள். யோக் மூய் துண்டின் ஓரத்தை விலக்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பானையிலிருந்து மெல்ல வெளியே வந்த மீன் உருண்டையைக் கவ்வியது, துப்பியது. பாழாப்போன பயலே! மறுபடி கவ்வி விழுங்கியே விட்டது. கூச்சல் போடப்போன யோக் மூய் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்துச் சின் யீ சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் சிரித்தது அதுதான் முதல்முறை.

"யாரும் பாக்கலைன்னா சாப்பிடும்மா," என்றாள் மெதுவாக.

அன்று சாப்பிடும்போது யோக் மூய் ஒரு கறித்துண்டை எடுத்து மருமகள் கிண்ணத்துக்கு நீட்டினாள். கண் வழக்கம்போல அவள் வாய்க்குப் போனது. நீட்டிய கை அப்படியே நின்றது. கறியைத் தன் கிண்ணத்திலேயே போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"முன்னறை டிவியில நாடகம் ஆரம்பிச்சிருப்பான். டேய், நீயும் வா."

"நான் எதுக்கும்மா?" என்றான் வெய் லுன்.

"வான்னா வாடா!"

டிவியை அலறவிட்டு, அடுப்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே சோற்றுப் பானையைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவையும் கேட்டது. யோக் மூய்க்குக் கண் நிறைந்துவிட்டது. திரும்பிப் பார்க்கத்தான் துடித்தாள், ஆனால் பார்க்கவில்லை.