அடையாளத்துக்குப் போட்ட வார்த்தை

"டீபக்கர்ல ஓட்டிப் பாருன்னு எத்தினி வாட்டி..."

"வரி வரியா நடந்து போறதுக்கு இது இன்னா பாத யாத்திரையா? நாலு பிரிண்ட் போட்டா தெரிஞ்சிடும்!"

"போட்டியே, எங்க வந்துச்சு?"

"அதான் வரலியே!"

பெங்களூர் அல்சூர் ஏரிப்பக்கத்து மாடி ஆபீஸில் பிரபாவுக்கும் ஓஸ்வால்டுக்கும் காலையிலிருந்து இதே வாய்ச்சண்டை. 2004ஆம் வருடம். ஓர் ஆஸ்பத்திரிக்காக ஓஸ்வால்ட் பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட், நோயாளிகளின் வீட்டாருக்குச் செல்போனில் தகவல் அனுப்பும். இன்று அது பதினான்காம் படுக்கை தாஸின் பெயரில் வந்து நின்றுபோனது. எந்த வரியில் நிற்கிறதென்று கண்டுபிடிக்க, இடையிடையே திரையில் எழுத்துக் காட்டும் பிரிண்ட் வரிகளைச் செருகி மூன்று முறை ஓட்டினான். திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை.

"தள்ளு."

பிரபா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். தாஸ் வீட்டு எண்ணை எடுத்துவிட்டுத் தன் எண்ணைப் போட்டாள். பிழை தேடும் டீபக்கரில் ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி நகர்ந்தாள்.

"இந்த செலக்ட் வரி எதுக்கு?"

"அதுவா? அதுக்கு அப்புறம் பிரிண்ட் பண்றது எதுவும் ஸ்கிரீனுக்கு வராது. நேரா மெசேஜுல..."

பிரபா இன்னும் இரண்டு வரி நகர்ந்தாள். மேசைமேல் அவள் செல்போன் சிணுங்கியது.

"நின்னுபோற இடத்துக்கு இன்னா அடையாளம் போட்ட?"

ஸ்கிரிப்ட் நின்றுபோனால் அந்த ஆபீஸில் எல்லாரும் சொல்வது ஒரே வார்த்தைதான். பிரபா செல்போனை அவன் பக்கம் திருப்பினாள். ஆங்கில எழுத்தில் பச்சைத் தமிழ்: தாஸ், படுக்கை 14, செத்துட்டான்.

"மூணு வாட்டி ஓட்டினேன், பிரபா."

பிரபா அவசரமாக வார்டுக்குப் போன் போட்டாள். கேட்டுவிட்டு வைத்தாள். "மனுஷன் நல்லா இருக்காரு. ரசத்துல உப்பில்லன்னு நர்ஸ்கிட்ட சண்டை. மெசேஜ் யாருக்குப் போச்சு?"

"பொண்ணுக்கு. தமயந்தி. பொம்மனஹள்ளில கார்மென்ட்ஸ் வேலை." திடீரென்று அவனுக்கு மூச்சு வந்தது. "அங்கெல்லாம் போனை கேட்லயே வாங்கி வச்சிடுவாங்க. சாப்பாட்டு டைம்லதான் குடுப்பாங்க. இன்னும் பாத்திருக்க மாட்டா!"

"சாப்பாட்டு டைம் எப்போ?"

"ஒரு மணி."

இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒன்று இருபது.

ஓஸ்வால்ட் தமயந்தியின் எண்ணை அழுத்தினான். மணி போனது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். தையல் மிஷின் சத்தம் இல்லை. பஸ் ஹாரன் அலறியது. கண்டக்டர் கன்னடத்தில் யாரையோ உள்ளே நகரச் சொன்னார்.

"அம்மா, ஆஸ்பத்திரி மெசேஜ் விஷயமா..."

"பாத்தேன் சார், வந்துகினேதான் இருக்கேன். எங்கம்மாகிட்ட இன்னும் சொல்லல. அப்பா கடைசியா ஏதாச்சும் கேட்டாரா சார்?"