பத்தொன்பதாவது எலக்ட்ரான்

பொட்டாசியத்தில் பத்தொன்பது எலக்ட்ரான்கள். கூடுகளில் அவை அமர்வது 2, 8, 8, 1 என்று. வருஷா வருஷம் கத்திக் கத்தி என் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். இந்த மாணவியும் 2, 8, 9 என்றே எழுதியிருந்தாள். கீழே பென்சிலில் ஒரு கேள்வி வேறு: "மூணாவது கூட்டுல பதினெட்டுக்கு இடம் இருக்கே மிஸ், எட்டோட நிறுத்திட்டு ஒண்ணை மட்டும் ஏன் வெளியில உட்கார வைக்கணும்?"

கணவர் இறந்த பிறகு நான் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். விடைத்தாள் திருத்துவது, படுப்பது எல்லாம் வராந்தாவில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். மாடியில் இரண்டு அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. "உனக்கு இல்லாத இடமா?" என்பார் அண்ணன். சாவி மட்டும் அண்ணியின் இடுப்பை விட்டு இறங்காது.

இன்று சாயங்காலம் அண்ணி ஒரு ஹாஸ்டல் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். "அங்க உனக்கு வசதியா இருக்கும்." உள்ளே அண்ணன் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

வெளிக்கூட்டில் தனியாக இருப்பதைக் கழற்றிவிட அதிக பலம் வேண்டாம். அதுவும் பாடத்தில் இருக்கிறது.

மாணவியின் விடையைச் சிவப்பில் அடித்தேன். அதே பேனாவால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன்.